மொய் நோட்டில் ஒரு வரி

('நம் ஊர்களின் வரலாற்றைப் பெரிதும் காத்து நிற்பது அரசு ஆவணக் காப்பகமே! வீட்டுப் பரண் பெட்டியே!' என்ற தலைப்பில் நடந்த பொங்கல் திருநாள் சிறப்புப் பட்டிமன்றத்தில் 'வீட்டுப் பரண் பெட்டியே' என்ற அணியில் பேசியது)



இந்த அணியில் பேசப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பரண் மேல இருக்கிற பெட்டியைப் பத்தியா பேசப் போறீங்க? அதை இறக்கித் துடைச்சு எத்தனை வருஷம் ஆச்சு?" (சிரிப்பு) நியாயமான கேள்வி. அதற்கு இந்த மேடையிலேயே பதில் சொல்கிறேன். வெட்கப்பட வேண்டிய பதில்தான். கொஞ்சம் பொறுங்கள்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் நன்றாகப் பேசினார்கள். எழும்பூர் ஆவணக் காப்பகம், 1909-இல் தொடங்கியது, கம்பெனிக்காரன் காலத்துக் கடிதமெல்லாம் அங்கே கட்டுக்கட்டாக இருக்கிறது, "அங்கே இல்லாத வரலாறு உங்க வீட்டுப் பரண்ல இருக்குதா?" என்று கேட்டார்கள். கைதட்டலும் வாங்கினார்கள். அம்மா, நானும் அங்கே இரண்டு தடவை போயிருக்கிறேன். அந்தச் சிவப்புக் கட்டிடத்துக்குள் நுழைந்தாலே செருப்பைக் கழற்றி வைக்கலாமா என்று தோன்றும். அந்தக் காகிதங்கள் மேல் எனக்கும் மரியாதை உண்டு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அரசாங்கக் காகிதம் ஒரு மனுஷனை எப்போது பார்க்கும்? வரி கட்டும்போது பார்க்கும். கட்டாதபோது இன்னும் நன்றாகப் பார்க்கும். (சிரிப்பு) நிலம் வாங்கினால், வழக்குப் போட்டால், திருடினால் பார்க்கும். எவர் வம்புக்கும் போகாமல், நாற்று நட்டு, ஏழு பிள்ளை பெத்து, அதில் மூணைப் பறிகொடுத்து, கண்மூடிய எங்கள் அப்பத்தாவை அது பார்க்கவே இல்லையே அய்யா! அவள் பெயரில் பட்டா இல்லை, வழக்கு இல்லை, கடன் பத்திரம்கூட இல்லை.

எங்கள் அப்பத்தாவை மட்டும் சொல்லவில்லை. 1951-52-இல் நம் நாட்டின் முதல் பொதுத்தேர்தல். வாக்காளர் பட்டியல் எடுக்கப் போகிறார்கள். "உன் பெயர் என்னம்மா?" என்று கேட்டால் பல பெண்கள் சொல்ல மறுத்துவிட்டார்கள். 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்றே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். அப்படியெல்லாம் சேர்க்க முடியாது என்று தேர்தல் ஆணையம் சொல்லிவிட்டது. ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலுக்கே வராமல் போனது. பெரும்பாலும் வடமாநிலங்களில். அவ்வளவு பெரிய, நேர்மையான, பாராட்டத்தக்க அரசாங்கப் பதிவேட்டில் 28 லட்சம் தாய்மார்கள் இல்லை.

சரி, வீட்டுப் பெட்டியில் என்ன இருக்கிறது? நான் ஏடு, செப்பேடு என்று பெரிய பேச்சுப் பேசப் போவதில்லை. மொய் நோட்டை எடுத்துக்கொள்கிறேன்.

நடுவர் அவர்கள் சிரிக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் இருக்கிறதல்லவா? தமிழ்நாட்டில் பகவத் கீதை இல்லாத வீடு இருக்கலாம், பைபிள், குரான் இல்லாத வீடு இருக்கலாம், மொய் நோட்டு இல்லாத வீடு உண்டா? (கைதட்டல்) அட்டை போட்ட நோட்டு. மேலே பிள்ளையார் சுழி. முதல் வரி தாய்மாமன். அந்த வரியை மாற்றி எழுதினால் பந்தியில் இலை பறக்கும். அதற்கப்புறம் ஊர் பெயர், ஆள் பெயர், தொகை.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம், கண்மாய்ப் பாசன ஊர். எங்கள் பெரிய அத்தை கல்யாணம் 1940-இல். அந்த நோட்டில் 1 ரூபாய் செய்தவர் பெரிய மனுஷன். 8 அணா, 4 அணாதான் நிறைய. பணம் இல்லாதவர்கள் தேங்காய் 5, அரிசி 2 படி என்று கொண்டுவந்திருக்கிறார்கள், அதுவும் வரவு. சித்தப்பா கல்யாணம் 1958-இல். அங்கே அணாவுக்குப் பக்கத்திலேயே நயா பைசா வந்துவிட்டது. ஏனென்றால் 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி புது நாணயம் வந்தது. எழுதின ஆள் குழம்பிப் போயிருக்கிறார். எட்டணா என்று எழுதி, அடித்து, 50 ந.பை. என்று எழுதி, அதையும் அடித்து, மறுபடி எட்டணா என்றே எழுதியிருக்கிறார். (சிரிப்பு) புது நாணயம் வந்த தேதி அரசிதழில் இருக்கும் அம்மா. அது எங்கள் ஊர்ப் பந்தலுக்குள் வந்தபோது ஒரு மனுஷன் பட்ட பாடு எந்த அரசிதழில் இருக்கிறது?

எந்த ஊர்க்காரனுக்கும் எந்த ஊர்க்காரனுக்கும் பழக்கம், எந்த வருஷம் மழை இல்லாமல் மொய் குறைந்தது, யார் வீடு ஊரைவிட்டுப் போனது, எல்லாம் அதில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். அந்த 1940 நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறது. கோட்டுக்குக் கீழே சில பெயர்கள். மற்றவர்களுக்கெல்லாம் அப்பா பெயர், வீட்டுப் பெயர் இருக்கிறது. இவர்களுக்கு வெறும் பெயர் மட்டும், அதுவும் பாதிப் பெயர். எங்கள் வயலில் உழைத்தவர்கள். கல்யாணத்தில் எங்கே உட்கார வைத்தார்களோ, நோட்டிலும் அங்கேயே உட்கார வைத்திருக்கிறார்கள். இந்த நோட்டைப் படம் எடுத்து ஒரு நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது என் சித்தப்பா, "அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழிச்சிட்டுக் குடுடா, குடும்பத்துக்கு அசிங்கம்" என்றார். நான் கிழிக்கவில்லை. கிழித்தால் அந்த மனுஷர்கள் இரண்டாவது தடவையும் பந்தியைவிட்டு எழுந்து போன மாதிரி ஆகிவிடும். (நீண்ட கைதட்டல்)

"மொய் நோட்டெல்லாம் ஒரு ஆவணமா?" என்று எதிரணித் தலைவர் முணுமுணுப்பது கேட்கிறது. அய்யா, புதுச்சேரியில் ஒருவர் இருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு கவர்னர் துப்ளெக்ஸுக்குத் துபாஷ். 1736 செப்டம்பரில் ஒரு நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். 1761 சனவரியில் காலமாகும் காலம்வரை, ஏறத்தாழ 25 வருஷம். எந்த கவர்னரும் எழுதச் சொல்லவில்லை, சம்பளம் கொடுக்கவில்லை. எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, துப்ளெக்ஸின் மனைவி இன்று யார் மேல் கோபம், கடைத்தெருவில் என்ன பேச்சு என்று எழுதினார். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த சேதியும் அதில் இருக்கிறது. சில்லறை வம்பும் அதில் இருக்கிறது. நடை? பண்டிதத் தமிழ் இல்லை. நான் இப்போது பேசுகிறேனே, அந்த மாதிரிப் பேச்சுத் தமிழ். பிரெஞ்சு அரசாங்கமும் பக்கத்திலேயே தன் கணக்கை எழுதிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தப் பட்டணத்துத் தமிழன் அன்றைக்கு என்ன நினைத்தான் என்று தெரிந்துகொள்ள எல்லோரும் இவர் நோட்டுக்குத்தான் வருகிறார்கள்.

அவர் போனபின் அது கிடந்தது எங்கே? காப்பகத்தில் இல்லை, குடும்பத்தில்! 1846-இல்தான் ஒரு பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டது. 85 வருஷம் அய்யா! அப்புறம் 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கமே 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் அச்சிட்டது. "பார்த்தீர்களா, அச்சிட்டது அரசுதானே?" என்று எதிரணி துள்ளும். துள்ளட்டும். கல்யாணப் பத்திரிகை அடித்த அச்சகக்காரரா மாப்பிள்ளை? (சிரிப்பு, கைதட்டல்)

இப்போது எதிரணிக்கு நானே ஒரு கரும்பு எடுத்துக் கொடுக்கிறேன், கடித்துக்கொள்ளட்டும். வீடும் ஊரும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகப் போனார். மடம், கோயில், கவிராயர் வீடு என்று ஏறி இறங்கினார். 1887-இல் சீவக சிந்தாமணி, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு என்று பதிப்பித்தார். அந்த ஏடுகள் யாரோ ஒருவர் வீட்டுப் பரணிலும் மடத்துப் பெட்டியிலும் காத்துக் கிடந்தவை. அதே உ.வே.சா. கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்கு ஏடு தேடிப் போனார். என்ன பதில் கிடைத்தது? பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் போட்டுவிட்டோம், சாஸ்திரம் அப்படித்தான் சொல்லுகிறது என்றார்கள். தன் சரித்திரத்தில் அவரே எழுதியிருக்கிறார். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடுகிற பழக்கமும் இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பக்தியோடுதான் செய்தார்கள். நம்மிடம் பழசு தொலைவது பாதி அலட்சியத்தால், பாதி மரியாதையால்.

ஆனால் ஒரு தனி மனிதன் மனசு வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் செட்டிநாட்டுக் கோட்டையூரைப் பாருங்கள். ரோஜா முத்தையா என்று ஒருவர். வீடு நிறையப் புத்தகம் சேர்த்தார். புத்தகம் மட்டுமா? நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம், பழைய பத்திரிகை. நாமெல்லாம் கல்யாணப் பத்திரிகையை என்ன செய்வோம்? தேதி முடிந்ததும் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுவோம். (சிரிப்பு) அவர் சேர்த்தார். 1992-இல் அவர் காலமானபோது அந்த வீட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விடவில்லை. சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக வைத்தார்கள். இன்று தரமணியில் இருக்கிறது. எங்கெங்கிருந்தோ வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒரு மனிதரின் வீட்டுச் சேமிப்பு அய்யா அது!

நடுவர் மணியைத் தொடுகிறார். இன்னும் கொஞ்ச நேரம் அய்யா. எதிரணி இன்னொரு வாதம் வைத்தது. "வீடு இடியும், கரையான் அரிக்கும், பெரிய பொதுக் கட்டிடம்தான் பத்திரம்." இதற்குச் சிரித்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. யாழ்ப்பாணம் பொது நூலகத்தைவிட அழகான கட்டிடமா? 1981 மே 31-ஆம் தேதி இரவு தீ வைத்தார்கள். சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பல். பத்திரமான கட்டிடம் என்று நம்பித்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள்.

அதற்கப்புறம் அந்த மண்ணின் எழுத்து மறுபடி எங்கிருந்து வந்தது? வீடுகளிலிருந்து. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்தால் 31-ஆம் நாள் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். நினைவு மலர் என்பார்கள், கல்வெட்டு என்றும் சொல்வார்கள். இறந்தவர் எந்த ஊர், யார் வம்சம், எங்கே படித்தார், என்ன வேலை பார்த்தார் என்று அதில் இருக்கும். ஒரு சாதாரணப் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் இருக்கும், கடைக்காரருக்கும் இருக்கும். அந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. 2005-இல் 'நூலகம்' என்ற பெயரில் தன்னார்வலர்கள் ஓர் இணைய நூலகம் தொடங்கினார்கள். பழைய புத்தகம், பத்திரிகை, இந்த நினைவு மலர் எல்லாவற்றையும் தேடி வாங்கிப் படமெடுத்து வைத்தார்கள். போர் நடந்த மண். வீடு விட்டு வீடு ஓடியவர்கள். ஓடும்போதும் எதையோ பையில் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்களே அய்யா!

தாய்மார்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. பழைய பத்திரத்தை, ஜாதகத்தைக் கொண்டுபோய் லேமினேஷன் செய்யாதீர்கள். காகிதத்துக்கு மூச்சு முட்டும், பிறகு பிரிக்கவும் முடியாது. பழைய போட்டோவுக்குப் பின்னால் பென்சிலால் பெயர் எழுதுங்கள். புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் நம் ஊர் ஸ்டூடியோக்களில் எடுத்த பழைய படங்களைத் தேடிப் பதிவு செய்திருக்கிறது. பெயர் தெரியாமல் போய்விட்டால், பட்டுப்புடவை கட்டி, பூச்சாடி பக்கத்தில் நிற்கிற அந்த அம்மாள் யாரோ ஒரு அம்மாள்தான். உங்கள் மாமியாரைக் கேட்டு இன்றைக்கே எழுதுங்கள். அந்தச் சாக்கிலாவது இரண்டு பேரும் பேசினதாக இருக்கும். (சிரிப்பு)

இப்போது என் மனைவி கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் தாத்தா ஊரில் நாலு எழுத்துத் தெரிந்தவர். மலேயாவுக்குப் போனவர்கள் வீட்டுக்குக் கடிதம் வந்தால் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். படித்துச் சொல்லுவார், பதில் எழுதிக் கொடுப்பார். வந்த கடிதத்தை, "நீங்களே வச்சிருங்க அய்யா, எங்க வீடு ஒழுகும்" என்று அவரிடமே விட்டுப் போவார்கள். இப்படி ஒரு இரும்புப் பெட்டி நிறைந்தது. சின்ன வயசில் நான் அதில் சிலதைப் பிரித்துப் படித்திருக்கிறேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நான் நலம், பால் வெட்டுகிறேன், பணம் அனுப்புகிறேன். ஒரு கடிதத்தில் மட்டும் ஒருவர் வேறொன்றும் கேட்காமல், கண்மாய் நிறைந்ததா, நிறைந்ததா என்று இரண்டு தடவை கேட்டிருந்தார். அது மட்டும் மனசில் நின்றுபோனது.

1996-இல் வீட்டை இடித்துக் கட்டினோம். பெட்டியை இறக்கினேன். கரையான். பாதி நல்லாத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அவசரம், மேஸ்திரி நிற்கிறார். தெருவில் பழைய பேப்பர்க்காரர் போனார். கூப்பிட்டேன். காகிதத்தைக் கிலோ கணக்கில் போட்டேன். இரும்புப் பெட்டிக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தார். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஊர் ஊராகப் போய் வரலாறு பேசுகிற நான்தான், நடுவர் அவர்களே. (மௌனம்)

2011-இல் ஒரு அம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மலேசியாவிலிருந்து. அறுபதைத் தாண்டிய வயசு. அவருடைய தாத்தா எங்கள் ஊர். 1930-களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர். ரப்பர் தோட்டத்தில் வேலை. 1942-இல் ஜப்பான்காரன் வந்தான். சயாமுக்கும் பர்மாவுக்கும் ரயில் பாதை போட ஆள் பிடித்தான். தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் திரும்பவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர் வெட்டிய கல்லறைகள் இருக்கின்றன. நம் ஆட்கள் பெரும்பாலோருக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. இந்த அம்மாவின் தாத்தாவும் அதில் போனவர். அவர் இருந்தார் என்பதற்கு அவர்களிடம் ஒரு படம் இல்லை, ஒரு காகிதம் இல்லை. கையில் இருந்தது ஊர் பெயரும் இரண்டு பெயர்களும்தான். "உங்க தாத்தாகிட்டதான் கடுதாசி படிப்பாங்கன்னு ஊர்ல சொன்னாங்க. ஏதாவது இருக்குமா தம்பி?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்ல? பேரீச்சம்பழமாகத் தின்றுவிட்டோம் என்று சொல்லவா?

எங்கள் அம்மா உள்ளே இருந்து வந்தார்கள். பெயரைக் கேட்டார்கள். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தன் புடவைப் பெட்டியிலிருந்து அந்த 1940 மொய் நோட்டைக் கொண்டுவந்தார்கள். அது மட்டும் எப்படித் தப்பியது தெரியுமா? அது வரலாறு என்று அவர்களுக்குத் தெரியாது. அது கடன்! அப்பத்தா அம்மா கையில் கொடுக்கும்போது, "இதுல இருக்கிறதெல்லாம் நாம திருப்பிச் செய்ய வேண்டியது, தொலைச்சிராத" என்று சொல்லிக் கொடுத்தது. வீட்டை இடித்தபோதும் அதை மடியிலேயே வைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினோம். பன்னிரண்டாம் பக்கம். தாத்தா கையெழுத்து. அந்த மனுஷன் பெயர், அவர் அப்பா பெயர், 'மலேயா மணியார்டர் வகை ரூ. 5'. எல்லோரும் எட்டணா செய்த கல்யாணத்தில் அஞ்சு ரூபாய். அந்த அம்மா வரி மேல் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை. "இது அவருதானா? எங்க தாத்தாதானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அழவில்லை. விரல்தான் நடுங்கியது.

கிளம்பும்போது எங்கள் அம்மா அவரை நிறுத்தினார்கள். "ஆத்தா, ஒங்க வீட்ல அடுத்து என்ன விசேஷம்?" அவர், தன் மகளுக்குத் தை மாசம் கல்யாணம் என்றார். அம்மா என்னிடம் கையை நீட்டினார்கள். நான் 500 ரூபாய்த் தாளை எடுத்தேன். "ஒத்த ரூவா எங்கடா?" என்றார்கள். அதையும் கொடுத்தேன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு 501 ரூபாயை வைத்து, "71 வருஷமா நிக்கிற மொய் இது, வாங்கிக்க" என்று கொடுத்துவிட்டு, பேனாவை வாங்கி, அந்தப் பழைய வரிக்குப் பக்கத்தில், எழுத்துக் கூட்டிக் கூட்டித் தன் கையாலேயே எழுதினார்கள்: 'திருப்பிச் செய்தது'.

(நீண்ட கைதட்டல்)